வெள்ளைத் துணி மேல் நிறுத்திய கார்

அந்தக் கார் எனக்கு வந்ததற்குக் காரணம் என் கூச்சம்தான்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். பனியன் கம்பெனிகளுக்குப் போய் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களைச் சரி செய்வது என் வேலை. வழக்கமாகப் போகும் ஒரு கம்பெனியில் பழைய ஷெட்டை இடித்துக் கட்ட நினைத்தார்கள். ஷெட்டுக்குள் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. முதலாளி என்னைப் பார்த்து, "ஏனுங்க மெக்கானிக்கு, இதை நீங்க எடுத்துக்கறீங்களா? உங்களுக்குன்னா சும்மாவே தர்றனுங்க" என்றார். சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டேன். சரிங்க என்பது சின்ன வார்த்தை. கார் பெரியது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதும் மனைவி வெளியே வந்து பார்த்தாள். "இது என்னத்துக்குங்க?" என்று கேட்டாள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நான் சரி செய்த பிறகு ஓடத் தொடங்கியதும் அந்தக் கார் எனக்கு மிகவும் தேவையாகிவிட்டது. மனைவியின் ஊர் கொமரலிங்கம். பஸ்ஸில் போனால் பல்லடத்திலும் உடுமலையிலும் மாற வேண்டும். பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் "நிறுத்துங்க" என்று சத்தம் போட வேண்டும். நான் இதுவரை போட்டதில்லை. வேறு யாராவது இறங்கும் இடத்தில் நானும் இறங்கி மீதித் தூரத்தை நடந்துவிடுவேன். சில சமயம் மீதித் தூரம் பின்பக்கமாக இருக்கும். காரில் அந்தத் தொல்லை இல்லை. வேலை முடிந்து வந்து சில நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மனைவி மட்டும் சன்னல் பக்கம் வந்து, "இன்னைக்கு எந்த ஊருக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனைத் தூக்கிப் பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும். தொங்கும் நூலை வெட்ட வேண்டும். அந்த நூலைப் பிசிறு என்பார்கள். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டுவது போலச் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். முன்பு கம்பெனியில் நின்றுகொண்டு செய்தாள். முழங்கால் வலி வந்த பிறகு கம்பெனிக்காரர்களே டெம்போவில் பண்டலைக் கொண்டுவந்து வீட்டில் போட்டு, முடிந்ததும் எடுத்துப் போகிறார்கள். அவள் பார்த்து அனுப்பிய பண்டலை மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. என் சட்டைக் காலரில் பிசிறு தொங்கினால் அதை வெட்டிவிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவாள்.

எங்கள் வீடு அருள்புரம் பக்கம். ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் தகரம் போட்ட இடம். வீட்டிலேயே வெளிச்சம் உள்ள இடம் அதுதான். அவள் பனியன் பீஸ் பார்ப்பதும் அங்கே. கார் நிற்பதும் அங்கே. தெருவில் நிறுத்தினால் தண்ணீர் லாரி திரும்ப முடியாது.

கார் எண்ணெய் சொட்டியது. முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதான கார், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும் என்று நினைத்தேன். தரை சற்றே சரிவு. எண்ணெய் ஒரு நாள் அவள் பார்த்து முடித்துக் கட்டி வைத்த பண்டல் வரைக்கும் போய்விட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. பண்டல் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அடியில் கறையைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்; சில பனியன்களில் அம்பு ஸ்டிக்கர் இருந்தது. என் மனைவி பார்த்து அனுப்பிய பீஸ் மேல் வேறு ஒருத்தி ஒட்டிய ஸ்டிக்கர்.

அவள் சத்தம் போடவில்லை. அந்த ஸ்டிக்கரில் ஒன்றை உரித்துக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டினாள். அம்பு ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தைக் காட்டியது.

"திங்கக்கெழமை வெள்ளை ஆர்டர் வருதுங்க" என்றாள். "அம்புட்டும் கொழந்தைப் பனியன். இன்னொரு கறை போச்சுன்னா இனிமே பண்டல் போட மாட்டோம்னு சொல்லிப்போட்டாங்க."

"சரி" என்றேன்.

"அதுக்குள்ள இது சொட்டறது நிக்கோணும். நிக்கலீன்னா எடுத்துட்டுப் போகட்டும்னு பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கறேன். அதே திங்கக்கெழமை."

"சரி."

"எல்லாத்துக்கும் இப்படிச் சரி சரின்னுதான் இந்தக் காரே ஊட்டுக்கு வந்துச்சு."

இதற்கும் சரி என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். எஞ்சினின் தலையில் நீளமாக ஒரு தகரத் தொப்பி இருக்கும். டேப்பட் கவர் என்பார்கள். தொப்பியின் விளிம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கார்க்கில் செய்த பேக்கிங் இருக்கும். மேலே இரண்டு நட்டு அதை அழுத்திப் பிடிக்கும். எங்கள் காரில் அந்தப் பேக்கிங் காய்ந்து, தொட்டால் வறுக்கி ரொட்டி மாதிரி உடைந்தது. எண்ணெய் பின் மூலையில் கசிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கித் தரைக்குப் போனது. தையல் மெஷினிலும் எண்ணெய்த் தொட்டி உண்டு, பேக்கிங் உண்டு. அதனால் எனக்கு இது புதிது இல்லை. மெஷின் எண்ணெய் விட்டால் பனியன் கெடும். கார் எண்ணெய் விட்டாலும் பனியன்தான் கெட்டது.

பேக்கிங் வாங்கக் கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போனேன். பழைய வண்டிச் சாமான் கடையில் நல்ல கூட்டம். நான் மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் நின்றதால், சாமான் வாங்க வந்த ஒருவர் என்னையும் கடை ஆள் என்று நினைத்துப் பேரிங் கேட்டார். கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் கடைக்காரர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டா போட்டுர்லாங்களா?" என்றார். ஒன்று போதும் என்பதற்கு மறுபடியும் பேச வேண்டும். தலையாட்டினேன். இரண்டு பேக்கிங்கோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கவர் முழுக்கத் துரு. பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது. ஒரு செதில் பேக்கிங்குக்கு அடியில் போனாலும் எண்ணெய்க்கு வழி கிடைத்துவிடும். அதனால் பெயிண்ட் ரிமூவர் தடவி, கம்பி பிரஷ் போட்டு, வெறும் தகரம் தெரியும் வரை தேய்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எனக்கு முன்னால் யாரோ நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் விளிம்பு வளைந்திருந்தது. அதை நேராக்கச் சமமான பலகை வேண்டும். எனக்குத் தெரிந்து மிகச் சமமான பலகை பிரிண்டிங் டேபிள்தான்.

பக்கத்துத் தெருவில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் யூனிட் வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். நான் பேசாமல் இருப்பது அவருக்கு வசதி. அவர் இரண்டு பேர் பேச்சையும் பேசிக்கொள்வார். நான் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்ததும், "வாங்க வாங்க. இதுக்கு என்ன பிரிண்ட்டுங்க போடோணும்? முன்னாடி மட்டும் போதுமா, முதுகுலயும் வேணுமா?" என்றார்.

அவருடைய டேபிளில் கவரைக் கவிழ்த்து வைத்து, விளிம்புக்கு அடியில் ஒளி தெரிகிற இடமெல்லாம் குறித்துக்கொண்டு, கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி விளிம்பை நேராக்கினேன். கடைசியில் எந்தப் பக்கமும் ஒரு காகிதம் நுழையவில்லை. பிறகு துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்தேன். அதன் மேல் மெஷினுக்கு அடிக்கும் வெளிர்ப் பச்சை பெயிண்ட். என்னிடம் மீந்திருந்த பெயிண்ட் அதுதான்.

பெயிண்ட் நன்றாகப் பிடிக்கச் சூடு வேண்டும். பாயின் யூனிட்டில் பிரிண்ட் போட்ட பனியனைக் காய வைக்கும் க்யூரிங் மெஷின் இருக்கிறது. பெல்ட் மேல் ஒரு பக்கம் பனியனை வைத்தால், சூட்டுக்குள் மெதுவாகப் போய் மறுபக்கம் வரும். மெஷின் வாயை மூடும் தட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு சிவப்புப் பனியனுக்கு நடுவில் பாய் கவரை வைத்தார். மறுபக்கம் பனியன்களை எடுத்து மடிப்பது பீகாரிலிருந்து வந்த ஒருவர். சிவப்புப் பனியன் வந்தது, எடுத்து மடித்தார். அடுத்துக் கவர் வந்தது. கையுறையோடு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், இஸ் மே சைஸ் நஹி ஹை" என்றார். சைஸ் போடவில்லையாம்.

"ஃப்ரீ சைஸ்" என்றார் பாய்.

அவர் தலையாட்டிவிட்டு அதைத் தனியாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை கவரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் விளிம்பைப் பனியன் வேஸ்டால், அதாவது வெட்டி மிஞ்சிய துணித் துண்டால், துடைத்தேன். இந்த ஊரில் கை, மெஷின், வண்டி, மூஞ்சி எல்லாவற்றையும் பனியன் வேஸ்டால்தான் துடைப்போம். பேக்கிங்கின் இரண்டு பக்கமும் செல்லாக் தடவினேன். அது பிசின் மாதிரி. தடவியதும் கொஞ்ச நேரம் காற்றில் வைத்து, கையில் ஒட்டும் பதம் வந்த பிறகுதான் மாட்ட வேண்டும். தரையில் வைத்தால் மண் ஒட்டும். அதனால் அங்கே இருந்ததில் மிகச் சுத்தமான இடம் என்று எனக்குத் தோன்றிய மனைவி உட்கார்ந்து பீஸ் பார்க்கும் ஸ்டூல் மேல் வைத்தேன். பதம் வந்ததும் எடுத்து ஒட்டிக் கவரைப் போட்டு நட்டை மாட்டினேன். பச்சைக் கவர் நன்றாக இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு தையல் மெஷின் இருப்பது போல இருந்தது.

எஞ்சினைச் சூடேறும் வரை ஓட்டி நிறுத்தினேன். மனைவி ரோல் முடிவில் மிச்சமான வெள்ளைப் பனியன் துணி ஒன்றைக் கொண்டுவந்து காருக்கு அடியில் விரித்தாள். "நீங்க பாக்க வேண்டாம். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் துணியை வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்தாள். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்தாள். பிறகு அதில் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி எனக்குக் காட்டினாள். ஸ்டிக்கர் இல்லாமலே தெரிகிற அளவுக்குக் கறை இருந்தது.

நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். முறுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். முந்தைய ஆள் முறுக்கியதைத்தான் பாயின் யூனிட் டேபிளில் தட்டி எடுத்திருந்தேன். இருந்தாலும் கையில் ஸ்பேனர் இருக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலம் இன்னொரு துணி. இன்னொரு ஸ்டிக்கர். இந்தக் கறை முன்னதைவிடப் பெரிது.

"இப்ப எதைங்க சரி பண்ணுனீங்க?" என்றாள்.

முறுக்கியதைப் பழையபடி தளர்த்தி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃப்ரீ சைஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பாய் வந்தார். நான் எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் நன்றாக இருந்தது. பேக்கிங் நன்றாக இருந்தது. எண்ணெயும் நன்றாக வந்துகொண்டிருந்தது. பாய்க்கு டீ கொடுக்க வந்த மனைவி, நின்றபடியே எஞ்சினைப் பார்த்தாள். அதுவரை அவள் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, அதென்னங்க பிசிறு தொங்குது?" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய்க்கும் தெரியவில்லை. அவள் விரலை நீட்டிக் காட்டினாள். பின் மூலையில், பச்சை விளிம்புக்கு அடியில், அரிசி நீளத்துக்கு ஒரு நூல் முனை. அதன் நுனியில் எண்ணெய் ஒரு மணியாகத் திரண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. அடுத்த மணி திரளத் தொடங்கியது.

பாய் அதைப் பிடித்து இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்ணா!" என்றாள். "பிசிறை எப்பவும் இழுக்கக் கூடாதுங்க. வெட்டோணும்."

இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்திரியை எடுத்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, நூலை விளிம்போடு வெட்டினாள். வெட்டிய துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தாள். எஞ்சினை மறுபடி ஓடவிட்டதும் வெட்டிய இடத்தில் எண்ணெய் மினுங்கியது.

"உள்ள மாட்டியிருக்குதுங்க. பிரிங்க" என்றாள். தையல் கோணலாகப் போன பீஸைப் பார்த்தாலும் இதே குரலில்தான் சொல்வாள்.

எஞ்சின் ஆறியதும் பிரித்தேன். பேக்கிங்குக்கு அடியில், செல்லாக்கில் ஒட்டிக்கொண்டு, உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை ஒரு நூல் படுத்திருந்தது. தையல் மெஷினுக்குள் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக நாங்களே ஒரு திரி வைப்போம். அதே வேலையை அந்த நூல் ஒழுங்காகச் செய்திருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பாய். "எதுல தொடச்சீங்க? பனியன் வேஸ்ட்லதான? அதுல இருந்து உருவுன நூலுதான் இது. ஆளு மெக்கானிக்கு, தொடைக்கத் தெரியலியே!"

அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். மனைவி நூலை உள்ளே கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கசக்கி, வெயிலில் காய வைத்து, தீப்பெட்டியோடு வந்தாள். பனியன் வேஸ்ட் பருத்தி. பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். தைக்கிற நூல் பாலியஸ்டர். அது உருகி உருண்டையாகும். இந்த ஊரில் இதைத் தெரிந்துகொள்ள நான் படித்த ஐந்தாம் வகுப்புகூட வேண்டியதில்லை.

குச்சியைக் கிழித்து நூலின் முனையில் வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நூல் சுருண்டது. முனையில் கடுகளவுக் கறுப்பு உருண்டை ஒன்று நின்றது.

"இது என்ற நூலுங்க" என்றாள்.

அவள் வெட்டிப் போட்ட பிசிறு. பாய்க்கு அதைவிட நல்ல செய்தி அன்றைக்கு வேறு இல்லை. "போச்சு போ! செக்கிங்கே பிசிறு உட்டுருச்சு. எங்கம்மா அந்த ஸ்டிக்கரு? குடுங்க, ஒட்டறேன்."

"நான் பீஸ்ல உடலீங்ணா. வெட்டிக் கீழதான் போட்டேன். பசை தடவுன சாமானைக் கொண்டாந்து என்ற ஸ்டூல் மேல வெச்சது ஆரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எஞ்சினைப் பார்த்தேன்.

"அப்ப இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிரலாமா?" என்று பாய் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"அதெப்படிங்க?" என்றாள் மனைவி. "நூலு என்றதுன்னாலும் கறை கறைதான். நாளைக்குத் துணியில கறை இருந்துச்சுன்னா காரு போயிரோணும்."

அவள் இதுவரை யாருக்காகவும் ஒரு பீஸைப் பாஸ் செய்ததில்லை. அவளுடைய தம்பி சம்சாரம் தைத்த பீஸையே ரிஜெக்ட் செய்ததில், ஒரு பொங்கல் முழுக்க இரண்டு குடும்பமும் பேசாமல் இருந்தது. நூல் அவளுடையது என்பதற்காகக் காரைப் பாஸ் செய்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

"புதுப் பேக்கிங்குக்கு எங்க போறது? ஞாயித்துக்கெழமை கடை ஏதுங்க?" என்றார் பாய்.

நான் காருக்குள்ளிருந்து இன்னொரு பேக்கிங்கை எடுத்துக் காட்டினேன். "பரவால்லியே, முன்யோசனை!" என்றார். எப்படி வாங்கினேன் என்பதை நான் சொல்லவில்லை.

இந்த முறை துடைப்பதை மனைவி எடுத்துக்கொண்டாள். பனியன் வேஸ்டைத் தொடவிடவில்லை. பழைய நைலக்ஸ் புடவையில் ஒரு துண்டு கிழித்து, தின்னரில் நனைத்து, விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். பிறகு செலோ டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி விரல்களில் சுற்றி, விளிம்பு முழுக்க ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறுப்புப் பனியனில் ஒட்டிய பஞ்சை எடுப்பது இப்படித்தான். டேப்பில் ஒட்டியதை வெளிச்சத்தில் பார்த்து, புது டேப் சுற்றி, மறுபடி ஒற்றினாள். செல்லாக் தடவிய பேக்கிங்கை எங்கே வைப்பது என்று நான் நின்றபோது, "கையிலயே புடிச்சுட்டு நில்லுங்க" என்றாள். பதம் வரும் வரை கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பாய் டீயை எனக்குக் குடித்துக் காட்டினார்.

நட்டைக் கையால் முறுக்கி, ஸ்பேனரில் துளி மட்டும் பிடித்து நிறுத்தினேன். ஸ்பேனரை அவள் வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். காரைச் சாமளாபுரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, புது வெள்ளைத் துணி மேல் நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் அவள் எழுந்திருந்தாள். நான் வெளியே வரும்போது துணி அவள் கையில் இருந்தது. வெயிலுக்கு எதிராகப் பிடித்து, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரமாக ஓரிடத்தில் நின்றுவிட்டாள். மங்கலாக ஒரு பழுப்புப் புள்ளி. எனக்கும் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். விரலை நனைத்துத் தேய்த்தாள். மறுபடி மோந்தாள்.

"ராத்திரி இங்க நின்னு டீ குடிச்சீங்களா?" என்றாள்.

"ஆமா."

"டீதான்" என்று சொல்லித் துணியை மடித்து வைத்தாள். பிறகு காரின் முன்கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அது வெயிலில் காய்ந்து போயிருந்ததால் முழுசாக வரவில்லை. அம்பின் கூர்முனை மட்டும் இன்றும் கண்ணாடியில் இருக்கிறது.

இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். வரச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அவள் பிடி உடைந்த குக்கர் ஒன்றைக் கொடுத்தாள். அவர் குக்கரையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து டெம்போ வந்தது. பண்டல் நினைத்ததைவிட அதிகம். தகரத்துக்கு அடியில் இடம் நிறைந்துவிட்டது. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தவள், காரின் பின்கதவைத் திறந்தாள். சீட்டின் மேல் கையைத் தடவினாள். கையைப் பார்த்தாள். ஒரு துணியை விரித்து வெள்ளைப் பண்டல்களை அதன் மேல் அடுக்கினாள். மறுநாள் அவளும் அங்கேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்தால் வெளிச்சம் நன்றாக வருகிறது, சாய்ந்துகொள்ள முதுகுக்கு இடம் இருக்கிறது, முழங்கால் வலிக்கவில்லை என்றாள். வேலை முடிந்து வந்து நான் முன்சீட்டில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து கத்திரிச் சத்தம் கேட்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் ஒரு விசேஷம். பண்டல் இன்னும் முடியவில்லை. இறக்கி வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "அதும்பாட்டுக்கு அது வரட்டும். போற வழியில முடிச்சர்றேன்" என்றாள். அப்படியே போனோம். உடுமலை தாண்டும்வரை அவள் குழந்தைப் பனியன்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டி தெரியவில்லை, பனியன்தான் தெரிந்தது.

ஆறு தெரிந்ததும் பின்சீட்டிலிருந்து, "நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். பஸ்ஸில் போடுகிற சத்தம். பாலத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓரம் கட்டி நிறுத்தினேன். அவள் இறங்கி, மடியில் இருந்த பிசிறையெல்லாம் காரை விட்டுத் தள்ளிப் போய் உதறிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.